எடைக்கு எடை ஒரு வாளை

கடவுளுக்கு வாக்குக் கொடுக்கிறவன் அளவைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யேசுரத்தினம் சொல்லவில்லை. அதனால் இரண்டரை வருஷம் அவன் படாத பாடு பட்டான். பேச்சிப்பாறை அணையில் கிடந்த வாளைமீன்களுக்கெல்லாம் அந்தப் பாடு தெரியும். வீட்டிலிருந்த பெண்சாதிக்கு மட்டும் தெரியாது.

அணையில் அவனுக்கு லஸ்கர் வேலை. பெயரைக் கேட்டுப் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். கால்வாய்க் கரையோடு நடக்க வேண்டும், மடைப் பலகையை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், எலி வளை போட்ட இடத்தில் மண்ணை வெட்டிப் போட்டு மிதிக்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்களுக்கெல்லாம் அவன் கையால் திறந்த தண்ணீர்தான் போயிற்று. அவனுக்கென்று ஒரு சாண் வயல் கிடையாது. சம்பளம் வயிற்றுக்குப் போதும், அதற்கு மேல் போதாது.

இந்தக் குறை வருஷம் முழுவதும் அவனை ஒன்றும் செய்யாது. புரட்டாசியில் அறுப்பின் பண்டிகை வரும்போதுதான் குத்தும். மலையடிவாரத்தில் அவர்கள் சபை சின்னச் சபை. நெல் விளைந்தவன் நெல்லைச் சுமந்து வருவான். மரச்சீனி போட்டவன் கிழங்கு கொண்டுவருவான். தோப்புக்காரன் தேங்காய், வாழைக்குலை என்று வரிசையாகப் பீடத்துக்கு முன்னால் வைப்பான். யேசுரத்தினம் அணையில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனைக் கொண்டுபோவான். மீன் நாற்றம் கோயிலுக்குள் ஆகாது என்று அவன் காணிக்கைக்கு மட்டும் வெளியே பலாமரத்தடியில் இடம். ‘பேதுருவே மீன்காரன்தானே’ என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொள்வான். வாய் திறந்து சொன்னதில்லை.

பெண்சாதி நேசபாய் மிஷன் அம்மாமாருக்கு ரேந்தை என்கிற லேஸ் பின்னிக் கொடுக்கிறவள். சீமையிலிருந்து வரும் மயிர் போன்ற வெள்ளை நூலைத் தலையணையில் குத்திய ஊசிகளுக்கிடையே அவள் மாற்றி மாற்றிப் போடும் வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். பேச்சு குறைவு. மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் மண்ணில் வைத்தவள். ஒன்று எட்டு நாள் இருந்தது. ஒன்று கண்ணே திறக்கவில்லை. மூன்றாவது நாலு மாதம் சிரித்துவிட்டுக் காய்ச்சலில் போயிற்று. மூன்று குழிகளும் கோயிலுக்குப் பின்னால் அடுத்தடுத்து இருந்தன. ஆராதனை முடிந்து எல்லாரும் முன்வாசல் வழியாகப் போவார்கள். அவள் மட்டும் பின்வாசல் வழியாகப் போவாள்.

நாலாவது பிள்ளைக்கு மாசம் நிறைந்தபோது யேசுரத்தினம் யாரையும் கேட்கவில்லை. குலசேகரத்தில் வில்வண்டி பிடித்து, அவளை ஏற்றி, நெய்யூர் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்துவிட்டான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷம், மாசி. ஒரு பகல் முழுவதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் உள்ளே ஓர் அழுகை கேட்டது. நர்சம்மா துணியில் சுருட்டிய பிள்ளையைக் கொண்டுவந்து, அவன் பார்க்கவே தராசில் வைத்தாள்.

“அஞ்சு ராத்தலுக்குக் கொஞ்சம் கொறவு. ஆனா தொண்ட நல்ல தொண்ட. பொழச்சுக்கிடுவான்” என்றாள்.

யேசுரத்தினம் அந்த இடத்திலேயே முழங்கால் போட்டான். “ஆண்டவரே, இவனையாவது எங்களுக்கு விட்டுத் தாரும். அறுப்பின் பண்டிகைக்கு இவன் எடைக்கு எடை ஒத்த வாளை கொண்டு வைக்கேன்.”

எடைக்கு எடை என்பது சபையில் உள்ள வழக்கம் இல்லை. அணைக்கரையில் கடை வைத்திருந்த தங்கப்பன், மகள் ஓமனா பிழைத்து எழுந்ததற்கு அவளைத் தராசில் உட்காரவைத்து எடைக்கு எடை கதலிப்பழம் கொடுத்ததை யேசுரத்தினம் போன வருஷம்தான் பார்த்திருந்தான். அது மனசில் கிடந்திருக்கிறது. ஜெபம் சபைப்படி, நேர்ச்சை ஊர்ப்படி என்று இரண்டும் கலந்து வந்துவிட்டது. மனசில் இருந்த அளவு அஞ்சு ராத்தல். அஞ்சு ராத்தல் வாளை பிடிப்பது அவனுக்கு ஒரு காலைப்பொழுது வேலை. ‘பிறந்த எடைக்கு’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பிள்ளைக்குத் தேவகுமார் என்று ஞானஸ்நானம் ஆயிற்று. பண்டிகைக்கு ஏழு மாதம் இருந்தது. ஏழு மாதத்தில் பிள்ளைகள் என்ன செய்யுமோ அதை அவனும் செய்தான். வளர்ந்தான். ஆடி மாதம் ஒருநாள் கடையில் அவனைத் தூக்கிக் குலுக்கிய தங்கப்பன், “கொள்ளாமே மக்கா, பன்னெண்டு பதிமூணு ராத்தலு வருமே” என்றான். யேசுரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளையை வாங்கித் தராசில் வைத்துப் பார்த்தான். பதிமூன்று.

பிறந்த எடைதான் கணக்கு என்று சாதிக்கலாம். ஒரு வாரம் அப்படிச் சாதித்தும் பார்த்தான். ஆனால் பின்வாசல் பக்கம் மூன்று குழிகளை வைத்துக்கொண்டு கடவுளிடம் வக்கீல் பேச்சுப் பேச அவனுக்குத் தைரியம் இல்லை. பண்டிகை அன்றைக்கு என்ன எடையோ அதுதான் எடை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். நேசபாயிடம் சொல்லவில்லை. செலுத்தாத நேர்ச்சை வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அவள் பிள்ளையின் ஒவ்வொரு தும்மலுக்கும் செத்துச் செத்துப் பிழைப்பாள் என்று நினைத்தான். அதில் தப்பில்லை. அவனே அப்படித்தான் இருந்தான்.

பதிமூன்று ராத்தல் வாளை கரையோரத்தில் கிடைக்காது. கோதையாறு பழைய நாளில் ஓடிய பள்ளம் அணைத் தண்ணீருக்கடியில் இருக்கிறது. பெரியவை அங்கேதான் கிடக்கும். கரையில் ஒரு பாறை மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் நின்று, தவளையைத் தூண்டிலில் கோத்துத் தூர வீச வேண்டும். வாளை கடித்ததும் இழுக்கக் கூடாது. ஓட விட வேண்டும். ஓட விடுவதற்கு நீளமான நூல் வேண்டும். அவனிடம் இருந்தது குளச்சல்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கடல்நூல். பனிச்சைக்காய்ச் சாற்றில் பலதடவை முக்கிக் கறுத்து, கம்பிபோல விறைத்திருந்தது. நீளம் போதாது. பருத்திநூலை மூன்று புரியாக முறுக்கிப் புதிய நூல் ஒன்று செய்து, பழையதோடு முடிந்தான்.

முடிந்தது எப்படி? கன்றுக்குட்டிக் கயிற்றை ஒட்டுப்போடுகிற மாதிரிதான். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, ஒரே முடிச்சாகப் போட்டு இறுக்குவது. பார்க்கக் குண்டாக, பலமாக இருக்கும். அவன் அப்பன் போட்ட முடிச்சு அது. அந்த ஊரில் எல்லாரும் போட்ட முடிச்சு அது.

அந்த வருஷம் இரண்டு வாளை கடித்தன. இரண்டும் நூலோடு போயின. மறுவருஷம் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை ஒன்று கடித்தது. அவன் வாழ்நாளில் கண்ட பெரிய மீன் அதுதான். தண்ணீருக்கு மேலே முதுகைக் காட்டிவிட்டு ஓடியது. கைக்குள் நூல் வழுக்கி வழுக்கிப் போயிற்று. முடிச்சு விரலைத் தாண்டிப் போயிற்று. அதற்குப் பிறகு நூல் லேசாகிவிட்டது. பாறைமேல் உட்கார்ந்து அவன் அழுதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தூண்டில் தொடக் கூடாது. பண்டிகைக்கு நாலு கெண்டையைக் கொண்டுபோய்ப் பலாமரத்தடியில் வைத்துவிட்டு, கடைசிப் பெஞ்சியில் தலை நிமிராமல் இருந்தான்.

“தப்பிப்போன மீனு எப்பவும் பெரிய மீனுதாம்பிலே” என்று தங்கப்பன் சிரித்தான். நேர்ச்சை விஷயம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். மாதம் ஒருதடவை பிள்ளையை நிறுத்துக் கொடுப்பது அவன் தராசுதான். ஒரு தட்டில் இரும்புப் படிக்கல், மறு தட்டில் தேவகுமார். பையன் தட்டைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சல்போல ஆடிச் சிரிப்பான். இருபது ராத்தல், இருபத்திரண்டு, இருபத்துநாலு. பிள்ளை கொழுக்கக் கொழுக்க யேசுரத்தினத்துக்குச் சந்தோஷம். கொழுக்கக் கொழுக்கப் பயம். பெற்ற பிள்ளைக்கு எடை கூடுவதைக் கண்டு மிரண்ட தகப்பன் திருவிதாங்கூர் ராஜ்யத்திலேயே அவன் ஒருவன்தான் இருந்திருப்பான்.

முப்பதாம் வருஷம் ஆனியில் குட்டு வெளிப்பட்டது. உப்பு வாங்க வந்த நேசபாய், மிளகுத் தராசில் தன் பிள்ளை ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

“பிள்ளைய என்னத்துக்கு நிறுக்கிய? விக்கப் போறியளா?”

தங்கப்பன், “சொல்லிப்போடும் வோய், இனியும் மறைச்சா கொள்ளூல்ல” என்றான். யேசுரத்தினம் சொன்னான். நின்ற இடத்தில் நின்றபடி ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். அவள் உப்பை வாங்கவில்லை. பிள்ளையைத் தட்டிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் பிள்ளையை இறக்கிவிட்டுத்தான் பேசினாள்.

“மூணு போயாச்சு. இவனுக்க பேருல ரெண்டு வருசமா வாக்குக் கடன் கெடக்கு. நீங்க எங்கிட்ட சொல்லல்ல.”

“நீ பயப்படுவேன்னுதான்…”

“நான் பயப்படாத நாளு உண்டா? பயத்துல பாதிய எனக்குத் தந்திருக்கலாம்லா.”

அவனுக்கு அழுகை வந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதும் உண்மை. இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவன் சோற்றை ருசி தெரிந்து சாப்பிட்டான்.

சாப்பிட்டு முடிந்ததும் அவள் கேட்டாள். “மீனு எதனால போச்சு?”

“நூல அறுத்துக்கிட்டுப் போச்சு.”

“அறுத்த நூலு இருக்கா?”

கூரையில் செருகியிருந்த பழைய கடல்நூலை எடுத்துக் கொடுத்தான். மீன் போனபோது கையில் மிஞ்சியது அதுதான். அவள் வாசல் வெளிச்சத்தில் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். பஞ்சு பிரியவில்லை. நுனி முழுசாக, பன்றிவால்போலச் சுருண்டிருந்தது.

“இது அறுகல்ல. ஊரியிருக்கு, முடிச்சுல இருந்து கழண்டு போயிருக்கு” என்றாள். “மீனு ஒண்ணும் செய்யல்ல. ஒங்க முடிச்சுதான் விட்டுக் குடுத்திருக்கு.”

ஆணுக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. முப்பது வருஷமாகத் தூண்டில் பிடிக்கிறவனிடம் நூலைப் பற்றிப் பேச நீ யார் என்கிற கோபம். ஆனால் சுருண்ட நுனி அவள் கையில் இருந்தது; அதை எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. மூன்று மீன்களும் எந்த இடத்தில் கையைவிட்டுப் போயின என்று யோசித்தான். மூன்றும் முடிச்சு விரலைத் தாண்டிய பிறகுதான் போயிருந்தன. கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது.

நேசபாய் பழைய நூலையும் புதுநூல் ஒரு துண்டையும் எடுத்தாள். இரண்டையும் எதிரெதிராக நீட்டிப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தாள். கறுப்பு நூலின் நுனியால் வெள்ளை நூலைச் சுற்றி ஒரு முடிச்சு. வெள்ளை நூலின் நுனியால் கறுப்பைச் சுற்றி ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. வாயில் வைத்து எச்சில் படுத்தினாள். பிறகு நீண்ட பக்கங்கள் இரண்டையும் பிடித்து இழுத்தாள். முடிச்சுகள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடிவந்து முட்டி நின்றன.

“இனி எவ்வளவு இழுத்தாலும் அது அத இறுக்கும், இது இத இறுக்கும். ரேந்தையில ஒரு நூலு தீந்தா அடுத்தத இப்பிடித்தான் கெட்டுவோம். நுனிய மட்டும் கொஞ்சம் நீளமா விட்டு வெட்டணும்.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

இரண்டு வருஷம் தின்ற காரியம் இவ்வளவுதான் என்பதை ஏற்றுக்கொள்ள அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. நம்பாமல் அம்மிக்குழவியை அந்த நூலில் கட்டிப் பலாக்கிளையில் தொங்கவிட்டான். குழவி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் தொங்கியது. தேவகுமார் அதைத் தள்ளித் தள்ளி விளையாடினான். முடிச்சு ஊரவில்லை. அதற்குப் பிறகு முழு நூலையும் அவள் சொன்னபடியே முடிந்து, முடிந்த பிறகு பனிச்சைக்காய்ச் சாற்றில் முக்கி உலர்த்தினான். முன்னாலெல்லாம் சாறு போட்டு விறைத்த நூலைத்தான் முடிவான். விறைத்த நூல் எங்கே கடித்துப் பிடிக்கும்?

நூல் காய்ந்து கொண்டிருந்தபோதே ஆடி பிறந்தது. ஆடியோடு மலைக்காய்ச்சலும் வந்தது. பிள்ளைக்குப் பகலில் குளிர் வந்து பல் அடிக்கும், சாயங்காலம் உடம்பு நெருப்பாகும். நேசபாய் யேசுரத்தினத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் நேர்ச்சைக் கடன் இருந்தது. மறுபடியும் நெய்யூர் போனார்கள். கொயினா மருந்து கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கட்டிலுக்கடியில் பாய் போட்டுக் கிடந்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. வீட்டுக்குப் புறப்படும்போது டாக்டர் பிள்ளையை எடை பார்த்தார். காய்ச்சலுக்கு முன்னால் தங்கப்பன் தராசில் இருபத்தைந்து நின்ற பிள்ளை.

“பத்தொம்பது” என்றார் டாக்டர்.

யேசுரத்தினத்தின் மனசு அவனைக் கேட்காமலே கணக்குப் போட்டது. பத்தொன்பது ராத்தல் வாளை கிடைக்கும். நேர்ச்சையை முடித்துவிடலாம். நிம்மதியாக இருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் அந்த நிம்மதி இருந்தது. அடுத்த மூச்சில் தான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது. பிள்ளையின் விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிய, அவன் மீன் கணக்குப் பார்த்திருக்கிறான். வெளியே ஓடி மரத்தடியில் நின்று தலையில் அறைந்துகொண்டான்.

திரும்பி வரும் வண்டியில் அதை நேசபாயிடம் சொன்னான். இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான்.

அவள் மடியில் தூங்குகிற பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “நான் அத ஒங்களுக்கு முந்தியே கூட்டிப் பாத்தாச்சு. டாக்டரு சொல்லதுக்கு முந்தி, கையில தூக்கினப்பவே.”

வண்டி குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. தன்னைப்போல ஒரு பாவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது யேசுரத்தினத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பண்டிகைக்கு எட்டு வாரம் இருந்தது. நேசபாயின் நடத்தை அந்த எட்டு வாரமும் வேடிக்கையாக இருந்தது. “இந்த வருசம் குடுத்துரணும், இன்னும் ஒரு வருசம் என்னால தாங்க ஒக்காது” என்று காலையில் ஒருதடவை சொல்வாள். சொன்ன வாயோடு ஏத்தன் வாழைக்காய்ப் பொடியில் சர்க்கரை போட்டுக் கிண்டிப் பிள்ளைக்கு ஊட்டுவாள். பத்துமணிக்கு முட்டை. மத்தியானம் நெய்ச்சோறு. கடன் ஏறக்கூடாது, பிள்ளை ஏறவேண்டும் என்று இரண்டையும் ஒரே அகப்பையில் கேட்டால் எப்படி? ஆனால் பெற்றவளிடம் போய் இந்த நியாயத்தைப் பேசமுடியுமா? யேசுரத்தினம் பேசவில்லை. தங்கப்பன் தராசுப் பக்கமும் போகவில்லை. என்ன எடை என்று தெரிந்துகொள்ளவே பயமாக இருந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை விடியும் நேரத்துக்குப் பாறை மூக்கில் போய் நின்றான். இரண்டு தவளைகளைச் சின்ன மீன்கள் பிய்த்துத் தின்றன. மூன்றாவது தவளையைப் போட்டுக் கொஞ்சநேரம் ஆயிற்று. நூல் மெல்ல ஒரு முழம் நகர்ந்து நின்றது. பிறகு போயிற்று. அவன் இழுக்கவில்லை. ஓட விட்டான். நூல் உள்ளங்கையைச் சுட்டது. அப்புறம் முடிச்சு வந்தது. இரட்டைப் புடைப்பு விரலில் தட்டி, தாண்டி, தண்ணீருக்குள் போயிற்று. மூன்றுதடவை எல்லாம் முடிந்துபோன இடம் இதுதான். யேசுரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பிடித்து நிறுத்தினான்.

நூல் விறைத்தது. கை இழுபட்டது. கால் பாறையில் சறுக்கியது. முடிச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவனும் மீனும் செய்தது வழக்கமான வேலைதான், விவரிக்க ஒன்றுமில்லை. அது ஓடும், அவன் விடுவான். அது நிற்கும், அவன் இழுப்பான். கரைச்சேற்றில் அதைப் புரட்டிப்போட்டு, செவுளில் கைவிட்டுத் தூக்கிய பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. வெள்ளி நிறம், நீளத் தாடை, பூனைபோல மீசை. அவன் இடுப்புக்கு மேல் வந்தது. முதலில் மீனைப் பார்க்கவில்லை, முடிச்சைத்தான் பார்த்தான். அரிசிமணி இரண்டை ஒட்டவைத்த அளவுக்குச் சிறுத்து, கல்லாக இறுகியிருந்தது. அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். பக்கத்தில் யாரும் இல்லை, இருந்தாலும் கொடுத்திருப்பான்.

மீனைச் செவுளில் கயிறு போட்டுக் கால்வாய் மடைக்குப் பக்கத்தில் உயிரோடு விட்டு வைத்தான். மறுநாள் காலையில் ஈரச்சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தான். வழியில் பார்த்தவர்களெல்லாம் கூடவே வந்தார்கள். நேர்ச்சை விஷயம் அதற்குள் ஊரெல்லாம் தெரிந்திருந்தது. தங்கப்பன் கடையைப் பூட்டிவிட்டுத் தராசைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னாலேயே வந்துவிட்டான். “முதல்லேருந்து நிறுத்தவன் நான். கடைசி நிறுவைக்கு வேற ஆளு வருமோ?” என்று சபையை நடத்துகிற உபதேசியாரிடமே கேட்டிருக்கிறான். உபதேசியார் ஜெயசிங்குக்கு இந்தத் தராசு விவகாரம் அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் கோயிலுக்கு வெளியேதானே என்று விட்டுவிட்டார். ஆராதனை முடிந்து எல்லாரும் பலாமரத்தடிக்கு வந்தார்கள்.

தராசு பலாக்கிளையில் தொங்கியது. ஒரு தட்டில் மீனை வளைத்து வைத்தார்கள். அந்தத் தட்டு ‘தொம்’ என்று தரையில் உட்கார்ந்தது. மறு தட்டு ஆள் நெஞ்சளவுக்கு மேலே போயிற்று. நேசபாய் தேவகுமாரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டை, அவள் பின்னிய ரேந்தைக் கழுத்து. கன்னம் கொஞ்சம் திரண்டிருந்தது. ஆனால் சட்டைக்குள் தோள் இன்னும் குச்சிதான்.

“கனத்த மீனாக்கும். பையன் மேல பொங்கிப் போவான்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். நேர்ச்சை நிறைவேறப்போகிறது என்ற சந்தோஷத்தில் சொன்னார்.

இரண்டரை வருஷமாக யேசுரத்தினம் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். மீன் கனக்க வேண்டும், பிள்ளை மேலே போக வேண்டும், கடன் தீர வேண்டும். இப்போது அவன் கண்முன்னே தன் பிள்ளை ஒரு மீனுக்கு முன்னால் பஞ்சாக மேலே போய்த் தொங்குவதைப் பார்க்க வேண்டும். வேண்டாம் ஆண்டவரே என்று உள்ளுக்குள் கத்தினான். நேர்ச்சை தவறினால் தவறட்டும். எனக்கு இவன் கனக்க வேண்டும்.

தங்கப்பன் உயரத் தட்டைப் பிடித்துத் தாழ்த்தினான். நேசபாய் பிள்ளையை அதில் உட்காரவைத்தாள். தங்கப்பன் கையை எடுத்தான்.

தட்டுகள் இரண்டும் கொஞ்சநேரம் மேலும் கீழும் ஆடின. தேவகுமாருக்கு ஊஞ்சல் ஞாபகம் வந்துவிட்டது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மீன் தட்டு தரையைத் தொட்டது, எழும்பியது, மறுபடி தாழ்ந்தது, எழும்பியது. பிறகு எழும்பியபடியே நின்றது. பையனின் கால் மண்ணில் தட்டியது.

மீனைக் கொண்டுவந்ததுமே தங்கப்பன் தனியே நிறுத்து வைத்திருந்தான். இப்போது மீன் பக்கம் ஒரு படிக்கல்லை வைத்துப் பார்த்தான். சின்னதை எடுத்து மாற்றினான். “மீனு இருவத்திரண்டு. பிள்ள இருவத்திரண்டர” என்றான். குரல் தாழ்ந்திருந்தது. “அர ராத்தலு கொறவு.”

கூட்டம் ‘ச்சு’ கொட்டியது. உபதேசியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இவ்வளவு பாடுபட்டும் நேர்ச்சை அரை ராத்தலில் நின்றுவிட்டதே என்று எல்லாருக்கும் வருத்தம். யேசுரத்தினம் மட்டும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினான். அழுகிறான் என்று நினைத்தார்கள். பாதி அது. பாதி சிரிப்பு. எட்டு வாரத்து ஏத்தங்காய்க் கூழ் வாளைமீனை ஜெயித்துவிட்டது. அவன் உடம்பிலிருந்து எதுவோ கழன்று விழுந்ததுபோல இருந்தது.

ஆனால் நேசபாய்? அவளைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கடன் தீராமல் இன்னொரு வருஷம் தாங்க முடியாது என்று சொன்னவள் அவள். உபதேசியாரே கொஞ்சம் பயந்துதான், “சாரமில்ல நேசபாய், மனசு நெறஞ்சு கொண்டுவந்தாச்சு, ஆண்டவரு ஏத்துக்கிடுவாரு” என்றார்.

நேசபாய் பிள்ளையைத் தட்டிலிருந்து எடுத்தாள். எடுக்கும்போது அவளுக்கு ‘உம்’ என்று ஒரு முக்கல் வந்தது. இடுப்பில் வைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“இருக்கட்டும் உபதேசியாரே. அர ராத்தலு கடன் அப்பிடியே கெடக்கட்டும்” என்றாள். “அடுத்த வருசம் குடுக்கோம். அத நிறுக்கதுக்கு இவன் வேணும்லா. அப்ப அவரு இவன வச்சிருக்கத்தான் செய்வாரு.”

உபதேசியாருக்கு வேதபாடசாலையில் சொல்லிக்கொடுத்த எதிலும் இது இல்லை. அன்றைக்கு அவள் குழிகள் இருந்த பின்பக்கம் போகாமல், முதல்தடவையாக எல்லாரோடும் முன்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருஷம் யேசுரத்தினம் பதினெட்டு ராத்தல் வாளை கொண்டுவந்தான். பிள்ளை முப்பது. அதற்கடுத்த வருஷம் மீன் இருபது, பிள்ளை முப்பத்தைந்து. அணையில் அதற்கு மேல் பெரிய வாளை இல்லையா, இல்லை அவன்தான் பெரியதைத் தேடவில்லையா என்று தங்கப்பனுக்கு ஒரு சந்தேகம் உண்டு. முப்பத்தெட்டாம் வருஷம் பையன் எழுபது ராத்தலைத் தாண்டி, தட்டில் உட்கார வெட்கப்பட்டு மறுத்துவிட்டான். அப்புறம் நிறுக்கவில்லை, மீன் மட்டும் வருஷந்தவறாமல் வந்தது. கடன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தங்கப்பன் கேட்டால், யேசுரத்தினம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த ஜென்மத்தில் தீராது என்பான். சொல்லும்போது அவன் முகம் நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகமாக இருக்கும்.